நிகான் டி3100-ஆ, கேனன் 1100டி-யா? இரண்டு பழைய தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர் கேமராக்களை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நிகான் டி3100 கேமரா 2010 ஆகஸ்டில் அறிமுகமானது. ஏறத்தாழ ஆறு மாதம் கழித்து, 2011 பிப்ரவரியில், கேனன் இஓஎஸ் 1100டி வந்தது. இரண்டும் முதன்முறையாக டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி கொண்ட, லென்ஸை மாற்றக்கூடிய டிஜிட்டல் கேமரா) வாங்குபவரை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. இன்று இவை இரண்டாம் கைச் சந்தையில் மட்டுமே கிடைக்கின்றன என்றாலும், ஒளிப்படக் கலையை அதன் அடிப்படைகளிலிருந்து கற்க விரும்பும் ஒருவருக்கு, ஷட்டர் வேகம் (ஒளி விழும் நேரம்), அப்பெர்ச்சர் (லென்ஸின் துளை அளவு; எஃப்/8 போல எழுதப்படும், எண் சிறிதானால் துளை பெரிது), ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) ஆகிய மூன்றையும் கையால் மாற்றிப் பார்த்து, விளைவை உடனே திரையில் கண்டு பழக, இவற்றைவிடச் சிக்கனமான வழி அதிகம் இல்லை.

பழைய கேமராக்களை ஒப்பிடும்போது இரண்டு வெவ்வேறு ஒப்பீடுகளைச் செய்தாக வேண்டும். ஒன்று மாடலுக்கும் மாடலுக்கும் இடையிலானது. அதை வீட்டில் உட்கார்ந்தே செய்யலாம். மற்றொன்று, விற்பவர் உங்கள் முன் எடுத்து வைக்கும் அந்தக் குறிப்பிட்ட இரண்டு கேமராக்களுக்கும் லென்ஸ்களுக்கும் இடையிலானது. பல ஆண்டுகள் பலர் கைகளில் புழங்கிய பொருளில் இந்த இரண்டாவது ஒப்பீடே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டியில் அதற்குக் கூடுதல் இடம் தந்திருக்கிறேன்.

முதல் படி: எதைப் படம் எடுக்கப் போகிறீர்கள் என்பதை எழுதி வையுங்கள்

வீட்டுக்குள் குழந்தைகள், வெளியில் இயற்கைக் காட்சிகள், திருமண மண்டபத்தில் உறவினர்கள், பறவைகள், சிறு காணொலிகள் என்று நீங்கள் அதிகம் எடுக்கப்போகும் இரண்டு மூன்று வகைகளை வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள். பின்வரும் ஒவ்வொரு படியிலும் இந்தப் பட்டியலே அளவுகோல்.

இரண்டாம் படி: தாளில் உள்ள எண்களைச் சரியாகப் படியுங்கள்

டி3100-இன் சென்சார் (ஒளியைப் படமாக மாற்றும் சில்லு) 14.2 மெகாபிக்சல், 1100டி-யின் சென்சார் 12.2 மெகாபிக்சல். இரண்டு மெகாபிக்சல் வேறுபாடு என்று கேட்கும்போது பெரிதாகத் தோன்றலாம். ஆனால் படத்தின் பக்க அளவுகளை வைத்துப் பார்த்தால், நிகான் படம் 4608 × 3072 பிக்சல், கேனன் படம் 4272 × 2848 பிக்சல். அகலத்தில் வேறுபாடு 336 பிக்சல், அதாவது சுமார் 8 சதவீதம் மட்டுமே. 12 × 8 அங்குலத் தாளில் அச்சிட்டால் ஓர் அங்குலத்துக்கு நிகானில் 384 பிக்சலும் கேனனில் 356 பிக்சலும் வருகின்றன. நல்ல அச்சுக்கு 300 போதும் என்பதால், சுவரில் மாட்டும் அந்த அளவுப் படத்தில் இரண்டையும் பிரித்தறிய முடியாது. மெகாபிக்சலை வைத்து இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

சென்சாரின் பரப்பு அதைவிடச் சற்றுக் கவனிக்கத்தக்கது. நிகானுடையது 23.1 × 15.4 மி.மீ.; கேனனுடையது சுமார் 22 × 14.7 மி.மீ. இதனால் நிகானுக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கூடுதல் பரப்பு கிடைக்கிறது. இதன் நேரடி விளைவு பார்வைக் கோணத்தில் தெரியும். குவியத்தூரத்தை (லென்ஸில் மி.மீ.-இல் எழுதியிருக்கும் எண்; சிறிதானால் காட்சி அகலம்) முழுச்சட்ட அளவுக்கு (பழைய 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் அளவு) மாற்ற நிகானில் 1.5 ஆலும் கேனனில் 1.6 ஆலும் பெருக்க வேண்டும் என்பதால், 18 மி.மீ. லென்ஸ் நிகானில் 27 மி.மீ. போலவும் கேனனில் சுமார் 29 மி.மீ. போலவும் பார்க்கிறது. சிறிய அறைக்குள் குடும்பம் முழுவதையும் ஒரே படத்தில் அடக்க முயலும்போது இந்தச் சிறு வேறுபாடும் உதவும்.

எடையைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை தேவை. டி3100-இன் எடை 455 கிராம், 1100டி-யின் எடை 495 கிராம் என்று பல இடங்களில் பக்கம் பக்கமாக அச்சிட்டிருப்பார்கள். முதல் எண் பேட்டரியும் மெமரி கார்டும் இல்லாத உடலின் எடை. இரண்டாவது எண் இரண்டையும் சேர்த்தது. ஒரே முறையில் எடை போட்டால் நிகான் 505 கிராம் வருகிறது, அதாவது கேனனைவிட 10 கிராம் கூடுதல். எந்த அட்டவணையைப் பார்த்தாலும், இரண்டு எண்களும் ஒரே நிபந்தனையில் அளக்கப்பட்டவையா என்று கேட்கும் பழக்கம் வேண்டும். பேட்டரியிலும் அப்படித்தான். நிகானின் இஎன்-இஎல்14 பேட்டரி 1030 மில்லிஆம்பியர்-மணி கொள்ளளவு உடையது, கேனனின் எல்பி-இ10 வெறும் 860. ஆனால் ஒரே தரநிலைப்படி அளந்த படங்களின் எண்ணிக்கை நிகானுக்குச் சுமார் 550, கேனனுக்குச் சுமார் 700. கொள்ளளவு குறைந்த பேட்டரியே அதிகப் படங்களைத் தருகிறது.

ஐஎஸ்ஓ வரம்பிலும் இதே கவனம் தேவை. 1100டி 100 முதல் 6400 வரை இயல்பாகவே செல்கிறது. டி3100-இன் இயல்பு வரம்பு 3200-இல் முடிந்து, அதற்கு மேல் விரிவாக்க நிலைகளாக 12800 வரை நீள்கிறது. இந்த உச்ச எண்கள் பயன்பாட்டுக்கு உரியவை அல்ல. இரண்டிலும் 1600 வரை தயக்கமின்றிப் போகலாம், 3200-ஐத் தேவைப்படும்போது மட்டும் எடுக்கலாம் என்பதே என் மதிப்பீடு.

தொடர் படப்பிடிப்பு இரண்டிலும் வினாடிக்கு 3 படங்கள் என்றிருந்தாலும், கேனனில் அது ஜேபெக் கோப்புக்கு மட்டுமே. ரா கோப்பாக (சென்சார் பதிந்ததைப் பதப்படுத்தாமல் வைக்கும் கோப்பு) எடுத்தால் வேகம் 2 ஆகக் குறைந்து, சுமார் 5 படங்களில் மூச்சு வாங்குகிறது. பறவைகளையோ விளையாட்டையோ பட்டியலில் எழுதியவர் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். வெளிச்சத்தை மாற்றி மாற்றி மூன்று படங்களைத் தானே எடுக்கும் வசதி கேனனில் உண்டு, நிகானில் இல்லை. ஒரு புள்ளியில் மட்டும் ஒளியை அளக்கும் வசதி நிகானில் உண்டு, கேனனில் இல்லை. மேடையில் ஒற்றை விளக்கின் கீழ் நிற்கும் நாட்டியக் கலைஞரை எடுப்பவருக்கு இரண்டாவது வசதி பெரிது.

காணொலியில் டி3100 1920 × 1080 அளவில் வினாடிக்கு 24 சட்டங்கள் பதிகிறது. 1100டி 1280 × 720 அளவோடு நின்றுவிடுகிறது, ஆனால் அதில் 25 சட்டங்கள் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், குழல்விளக்கின் கீழ் 25 சட்டங்கள் இயல்பாகப் பொருந்தும். நிகானில் மெனுவில் உள்ள மினுமினுப்புக் குறைப்பை 50 ஹெர்ட்ஸில் வைக்க வேண்டும். வெளி மைக் செருகும் துளை இரண்டிலும் இல்லை. காணொலியே உங்கள் முதல் நோக்கம் என்றால் இரண்டையுமே விட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: லென்ஸ்களை முன்னிறுத்தி ஒப்பிடுங்கள்

டி3100-இன் உடலுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸுக்குள்ளேயே மோட்டார் இருந்தால்தான் தானியங்கி ஃபோகஸ் இயங்கும். நிகான் லென்ஸ்களில் ‘ஏஎஃப்-எஸ்’ என்று எழுதியிருப்பவை இந்த வகை. வெறும் ‘ஏஎஃப்’ என்று மட்டும் எழுதியிருக்கும் பழைய லென்ஸ்கள், எடுத்துக்காட்டாக 50 மி.மீ. எஃப்/1.8டி, டி3100-இல் பொருந்தும், ஒளியை அளக்கும், ஆனால் ஃபோகஸ் வளையத்தை நீங்கள்தான் திருப்ப வேண்டும். கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரின் ஓரத்தில் எரியும் பச்சைப் புள்ளி ஃபோகஸ் சரியானதைக் காட்டும் என்றாலும், ஓடும் குழந்தையின் பின்னால் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

இதற்கு எதிர்முனையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பின்னாளில் வந்த ‘ஏஎஃப்-பி’ லென்ஸ்களின் மோட்டாரை டி3100 இயக்காது. அவற்றில் கையால் திருப்பும் வளையமும் மின்னணு வழியாகவே இயங்குவதால், கைமுறை ஃபோகஸும் நடக்காது. டி3400 போன்ற பிந்தைய கேமராக்களோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸ்கள் பல இந்த வகையே. இரண்டாம் கைச் சந்தையில் உடலும் லென்ஸும் இடம் மாறி விற்கப்படுவது சாதாரணம் என்பதால், டி3100-ஓடு தரப்படும் லென்ஸில் ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள்.

கேனனில் இந்தத் தலைவலி இல்லை. 1987-இல் தொடங்கிய இஎஃப் வரிசையில் எல்லா லென்ஸ்களிலும் தேவையான மோட்டார் உள்ளேயே இருக்கிறது. இஎஃப், இஎஃப்-எஸ் என்ற இரண்டில் எதுவானாலும் 1100டி-யில் தானியங்கி ஃபோகஸோடு இயங்கும். 1990-இல் வந்த 50 மி.மீ. எஃப்/1.8 இரண்டாம் பதிப்பு, உடல் முழுதும் பிளாஸ்டிக்கால் ஆனது, ஃபோகஸ் செய்யும்போது ஓசை எழுப்புவது. ஆனாலும் பின்புலம் மங்கிய முகப்படங்களை அவ்வளவு குறைந்த செலவில் தருவது வேறில்லை. இதனுடன் ஒப்பிடத்தக்க நிகான் லென்ஸ், 2009-இல் வந்த ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப்/1.8ஜி. இங்கே பயன்பாடு வேறுபடுகிறது. கேனனில் 50 மி.மீ. என்பது 80 மி.மீ. போல நெருக்கமாகப் பார்க்கும். முகத்துக்கு அழகு, அறைக்குள் இடம் போதாது. நிகானில் 35 மி.மீ. என்பது சுமார் 52 மி.மீ. போல, கண் பார்ப்பதற்கு அருகில் நிற்கும்; வீட்டுக்குள் அன்றாடம் எடுக்க இதைவிடப் பொருத்தமான லென்ஸ் இந்த விலையில் எனக்குத் தெரியாது. உங்கள் பட்டியலின் முதல் வரியில் வீடும் குழந்தைகளும் இருந்தால் நிகான் பக்கமும், தனிமனித முகப்படங்கள் இருந்தால் கேனன் பக்கமும் தராசு சாய்கிறது.

தாத்தா காலத்துப் ஃபிலிம் கேமரா லென்ஸ்கள் வீட்டில் இருந்தால் அவற்றையும் கணக்கில் சேர்க்கலாம். லென்ஸ் பொருந்தும் இடத்திலிருந்து சென்சார் வரையுள்ள தூரம் நிகானில் 46.5 மி.மீ., கேனனில் 44 மி.மீ. இந்த 2.5 மி.மீ. இடைவெளியில் ஒரு வளையத்தை நுழைக்க முடிவதால், பழைய நிகான் லென்ஸ்களைக் கேனனில் பொருத்தலாம். எம்42 எனப்படும் பழைய திருகு லென்ஸ்களும் அப்படியே. கேனன் லென்ஸை நிகானில் பொருத்த வழியில்லை. பழைய கைமுறை நிகான் லென்ஸ்கள் டி3100-இல் நேரடியாகவே பொருந்தினாலும், கேமரா ஒளியை அளக்காது. முழுக் கைமுறை நிலையில், ஹிஸ்டோகிராமை (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

உடன் தரப்படும் 18-55 மி.மீ. லென்ஸில், கேனனானால் ‘ஐஎஸ்’, நிகானானால் ‘விஆர்’ என்ற எழுத்துகள் உள்ளனவா என்று பாருங்கள். கை நடுக்கத்தைச் சமன்செய்யும் அமைப்பைக் குறிப்பவை அவை. அந்த அமைப்பு இல்லாத கேனன் 18-55 லென்ஸ்களும் சந்தையில் உலவுகின்றன. அவற்றுக்கு விலை குறைவாக இருக்க வேண்டும்.

நான்காம் படி: கையில் எடுத்துப் பழகிப் பாருங்கள்

இரண்டிலும் ஒரே ஒரு சுழற்சக்கரம்தான். ஐஎஸ்ஓவுக்குக் கேனனில் தனிப் பொத்தான் உண்டு. நிகானில் முன்பக்கம் உள்ள எஃப்என் பொத்தானை அதற்கென ஒதுக்கிக்கொள்ளலாம். ஃபோகஸ் புள்ளிகள் நிகானில் 11, கேனனில் 9. இரண்டிலும் நடுப்புள்ளி மட்டுமே குறுக்கு வகை (கிடைக்கோடு, நிலைக்கோடு இரண்டையும் உணர்வது) என்பதால் மங்கலான வெளிச்சத்தில் அதையே நம்புங்கள். இருட்டில் ஃபோகஸுக்கு உதவ நிகான் முன்பக்கத்தில் ஒரு சிறு விளக்கை எரிக்கிறது. கேனன் தன் ஃபிளாஷையே படபடவென்று அடிக்கிறது. ஃபிளாஷ் அடிக்கக் கூடாத கோயில் மண்டபத்திலோ, தூங்கும் குழந்தையின் அருகிலோ இது இடையூறு. நிகானில் மெமரி கார்டு பக்கவாட்டில் செருகப்படுகிறது. கேனனில் பேட்டரியோடு அடியில் இருப்பதால், ட்ரைபாட் தட்டைக் கழற்றாமல் கார்டை எடுப்பது கடினம். திரை இரண்டிலும் 2,30,000 புள்ளிகளே. அதில் படம் கூர்மையாகத் தெரிந்தால் நம்பிவிடாமல், பெரிதாக்கிப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஐந்தாம் படி: ஒரே காட்சியை இரண்டிலும் எடுங்கள்

இரண்டு கேமராக்களும் ஒரே நேரத்தில் கைக்குக் கிடைத்தால் இந்தச் சோதனையைத் தவறவிடாதீர்கள். ஒரு நண்பரிடம் ஒன்று இருந்தாலும் போதும்.

ஜன்னல் வெளிச்சம் படும் மேசையில், நூல்களின் முதுகுகள், நெய்த துணி, ஒரு கறுப்புப் பொருள், ஒரு வெள்ளைப் பொருள் ஆகியவற்றை அடுக்குங்கள். நுண்ணிய எழுத்தும் இழையும் கூர்மையைக் காட்டும். கறுப்பும் வெள்ளையும் வெளிச்ச வரம்பைக் காட்டும். கேமராவை ட்ரைபாடில் வைத்து, லென்ஸின் நடுக்கத் தடுப்பை அணைத்து, ரா கோப்பைத் தேர்ந்தெடுத்து, 2 வினாடி டைமரில் எடுங்கள். லைவ் வ்யூவில் (பின்திரையில் காட்சியை நேரடியாகக் காணும் நிலை) பெரிதாக்கி, கையால் ஃபோகஸ் செய்தால் தானியங்கி ஃபோகஸின் பிழை சோதனைக்குள் நுழையாது. பார்வைக் கோணம் வேறுபடுவதால், ஜூமைச் சற்றுத் திருப்பி இரண்டு படங்களிலும் ஒரே பரப்பு வருமாறு செய்யுங்கள். கேமராவை முன்னும் பின்னும் நகர்த்தினால் பொருள்களின் தோற்ற அளவு மாறிவிடும் என்பதால், ஜூமை மட்டும் திருப்புவதே சரி.

எஃப்/8 அப்பெர்ச்சரில் வைத்து, ஐஎஸ்ஓ 100, 400, 800, 1600, 3200 என்று ஒவ்வொன்றிலும் ஒரு படம் எடுங்கள். ஷட்டர் வேகத்தை இரண்டிலும் ஒன்றாகவே நீங்கள் கையால் அமைக்க வேண்டும். கேமராவிடமே விட்டால், நிகானின் ஒளிமானி 420 பிக்சல் கொண்ட சென்சாராலும், கேனனுடையது 63 மண்டலங்களாலும் காட்சியை வெவ்வேறு விதமாக மதிப்பிட்டு, ஒன்று பிரகாசமாகவும் மற்றொன்று மங்கலாகவும் வந்துவிடும். பிரகாசமான படத்தில் இரைச்சல் (படத்தில் தோன்றும் புள்ளிபுள்ளியான சொரசொரப்பு) குறைவாகத் தெரிவதால் முடிவு திரிந்துபோகும்.

டார்க்டேபிள், ராதெரப்பி ஆகிய இரண்டும் விலையில்லா மென்பொருள்கள். இரண்டும் நிகானின் என்இஎஃப் கோப்பையும் கேனனின் சிஆர்2 கோப்பையும் திறக்கும். ஒரே மென்பொருளில், இரைச்சல் நீக்கத்தையும் கூர்மைப்படுத்தலையும் அணைத்துவிட்டு, நிகான் படத்தைக் கேனன் படத்தின் 4272 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிய பிறகு பக்கம் பக்கமாக வையுங்கள். அளவை ஒன்றாக்காமல் ஒப்பிட்டால், பிக்சல் அதிகமுள்ள கேமராவின் இரைச்சல் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும்.

நல்ல நிலையில் உள்ள இரண்டு கேமராக்களில் 800 வரை வேறுபாடு ஏறத்தாழ இல்லை என்றும், அதற்கு மேல் நிகான் சற்றே முந்துகிறது என்றும் காண்பீர்கள். ஐஎஸ்ஓ 100 படத்தில் நிழற்பகுதியை மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இருமடங்காவது) உயர்த்திப் பாருங்கள். கேனனின் அக்காலச் சென்சார்களில் நிழலை மிகையாக உயர்த்தும்போது கோடுகோடான இரைச்சல் தலைகாட்டும். நிகானில் இரைச்சல் மணல் தூவியது போலச் சீராக இருப்பதால் கண்ணை அவ்வளவு உறுத்தாது. இயற்கைக் காட்சியில் வானத்தைக் காப்பாற்ற முன்புலத்தை இருட்டாக எடுத்துப் பின்னர் உயர்த்துபவருக்கு இது முக்கியம்.

ஆறாம் படி: விற்பவரின் கேமராவைப் பரிசோதியுங்கள்

சொந்த மெமரி கார்டும், ஒரு சிறு டார்ச்சும், முடிந்தால் மடிக்கணினியும் கொண்டு செல்லுங்கள்.

முதலில் லென்ஸ். இரண்டு மூடிகளையும் கழற்றி, ஒரு பக்கத்திலிருந்து டார்ச்சை அடித்து மறுபக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற மெல்லிய கிளைகள் தெரிந்தால் அது பூஞ்சை. சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற ஈரப்பதம் மிகுந்த கடற்கரை நகரங்களில் அலமாரியில் கிடந்த லென்ஸ்களில் இது பரவலாகக் காணப்படுகிறது. தூசி இரண்டொன்று இருந்தால் பொருட்படுத்த வேண்டாம்; பூஞ்சை இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்க வேண்டாம். அது கண்ணாடியின் பூச்சை அரித்துவிடும், பிரித்துத் தூய்மை செய்யும் செலவு 18-55 லென்ஸின் மதிப்பையே மிஞ்சிவிடக்கூடும்.

அடுத்து சென்சார். எஃப்/22-இல், ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்து, வெள்ளைச் சுவரை எடுங்கள். கறுப்புப் புள்ளிகள் தூசியைக் காட்டும். டி3100-இல் சென்சாரை அதிரச் செய்து தூசியை உதறும் அமைப்பு உண்டு, 1100டி-யில் இல்லை. ஆகையால் கேனனில் சில புள்ளிகள் இருப்பது இயல்பு, ஊதிக் களையலாம். கோடாகவோ கீறலாகவோ தெரிந்தால் விலகிவிடுங்கள். பிறகு லென்ஸ் மூடியோடு 8 வினாடி எடுத்து, பெரிதாக்கி, ஒளிரும் வண்ணப் புள்ளிகள் எத்தனை என்று பாருங்கள். சில இருக்கும், படம் முழுக்கச் சிதறியிருக்கக் கூடாது.

ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்பதை அறிய, நிகானில் ஒரு படம் எடுத்து, திருத்தாத அந்தக் கோப்பை எக்ஸிஃப்டூல் போன்ற மென்பொருளில் திறந்தால் எண்ணிக்கை எழுதியிருக்கும். கேனன் 1100டி அந்த எண்ணைப் படத்தில் எழுதுவதில்லை. கேமராவைக் கணினியோடு இணைத்துத் தனி மென்பொருளால் படிக்க வேண்டும். இந்த வகையில் நிகான் வாங்குபவருக்கு வெளிப்படையானது. எண்ணிக்கையைப் படிக்க முடியாத நிலையில், பிடியின் ரப்பர் தேய்மானம், பொத்தான் எழுத்துகளின் மங்கல், ஃபிளாஷ் பொருத்தும் தண்டவாளத்தின் கீறல்கள் ஆகியவற்றைப் பார்த்து உழைப்பை ஊகிக்கலாம்.

செங்கல் சுவர் ஒன்றை 18 மி.மீ.-இல் நேராக எடுத்து நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். ஒரு மூலை மட்டும் மிக மங்கலாக இருந்தால் லென்ஸ் எப்போதோ கீழே விழுந்திருக்கக்கூடும். 1/4000 முதல் 1 வினாடி வரை ஷட்டர் வேகங்களை மாற்றி எடுத்து, படத்தில் கறுப்புப் பட்டை வருகிறதா என்று பாருங்கள். ஃபிளாஷை உயர்த்தி அடியுங்கள். பேட்டரியை வெளியே எடுத்து மேசையில் வைத்து, உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி பழுதானால் கவலை இல்லை: எல்பி-இ10 பின்னால் வந்த 1200டி, 1300டி, 1500டி, 3000டி ஆகியவற்றுக்கும், இஎன்-இஎல்14 குடும்பம் டி3200 முதல் டி3500 வரையிலும் பொதுவானவை என்பதால் மாற்றுப் பேட்டரி இன்னும் கிடைக்கிறது.

ஏழாம் படி: முடிவெடுங்கள்

பரிசோதனையில் ஒன்று தேறி மற்றொன்று தேறாவிட்டால், மாடல் எதுவானாலும் தேறியதையே வாங்குங்கள். முந்தைய படிகளில் கண்ட வேறுபாடுகள் எதுவும் ஒரு பூஞ்சை பிடித்த லென்ஸை ஈடுசெய்யாது.

இரண்டும் சமநிலையில் தேறினால், படத்தின் தரத்தையும் ஃபோகஸ் உதவியையும் காணொலியையும் எடைபோட்டு, என் பரிந்துரை டி3100. பயன்படுத்துபவருக்குப் படிப்படியாகச் சொல்லித்தரும் கைடு நிலையும் அதில் இருப்பதால், ஆசிரியர் இல்லாமல் கற்பவருக்கும் அது ஏற்றது. இதற்கு மூன்று விதிவிலக்குகள் சொல்வேன். குடும்பத்தில் யாரிடமாவது கேனன் லென்ஸ்கள் இருந்து இரவல் கிடைக்கும் என்றால் 1100டி. முகப்படமே குறிக்கோளாக இருந்து 50 மி.மீ. லென்ஸை உடனே வாங்கும் எண்ணம் இருந்தால் 1100டி. பழைய திருகு லென்ஸ்களோடு விளையாடும் ஆர்வமும், மேஜிக் லான்டர்ன் என்ற கூடுதல் மென்பொருளை ஏற்றிப் பார்க்கும் துணிவும் இருந்தால் அப்போதும் 1100டி. வேறு எந்த நிலையிலும், ஏஎஃப்-எஸ் 18-55 விஆர் லென்ஸோடு நல்ல நிலையில் உள்ள ஒரு டி3100-ஐ வாங்கி, மிச்சமாகும் பணத்தை அந்த 35 மி.மீ. லென்ஸுக்கு ஒதுக்குங்கள்.